ஒட்டுக்குக் கீழே இருந்த பெயர்

போன மாதம் இரண்டு பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் இப்போது வேலை பார்க்கிறவர்கள். "சேர், பழைய ட்ரம்பெட், கோர்னெட் எல்லாம் எப்படி அடையாளம் பார்க்கிறதுன்னு நீங்க எழுதித் தரணும். சின்னப் புத்தகமாப் போடப்போறோம்" என்றாள் அந்தப் பெண். கூட வந்தவர் தன் கைப்பேசியைக் காட்டினார். ஊதுகருவியில் வெட்டியிருக்கும் இலக்கத்தைப் படம் பிடித்தால், எந்தக் கொம்பனி, எந்தக் காலம் என்று அதுவே சொல்லிவிடுமாம்.

"அப்ப என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

"உங்க அனுபவம் வேணும் சேர்."

அனுபவமா? அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் கேட்டதை எழுதுகிறேன். ஆனால் கேட்காததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அதை அவர்கள் புத்தகத்தில் போட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலாளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்தின் பெயர் ஊரில் போதுமான இடங்களில் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'லொக்கு மாத்தயா'. சிங்களத்தில் பெரிய ஐயா என்று அர்த்தம். கண்டிக் குளத்துக்கு மேலே மேட்டில் பெரிய வீடு. அவருடைய அப்பா பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையாக, அதாவது நிர்வாகியாக இருந்தவர். வெள்ளைக்காரர்கள் கிளம்பிப் போனபிறகு அந்தக் கதிரையில் உட்கார்ந்த முதல் உள்ளூர்த் துரை.

அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்ட வருஷங்களில் துரைமார் கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மேசை, அலுமாரி, சீனக் கோப்பை எல்லாவற்றையும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பேண்ட் வாத்தியங்களை யாரும் சீந்தவில்லை. லொக்கு மாத்தயா அவற்றைச் சேர்க்க ஆரம்பித்தார். கிளப், தேவாலயம், பள்ளிக்கூடம், கலைந்துபோன தொண்டர் படை என்று எல்லா இடத்திலிருந்தும் வந்து சேர்ந்தன. ஒரு கட்டத்தில் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பித்தளை. அவற்றைத் துடைக்கவும் ஒட்டவும் ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிவந்தார்கள்.

என் பெயர் பழனிவேல். அப்பா நகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் முடிந்ததும் டவுனில் ஒரு பித்தளைச் சாமான் கடையில் ஆறு வருஷம் குத்துவிளக்குக்கும் கிராமபோன் குழாய்க்கும் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

என் மேலதிகாரி துரைசிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்தார். அரசாங்க பேண்ட் ஒன்றில் வாத்தியக் காப்பாளராக இருந்துவிட்டு வந்தவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை. ஒரு கருவியைத் தொடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். மோதிரம் போட மாட்டார், கீறல் விழும் என்று. நாங்கள் வேலை செய்யும் கந்தோருக்குள் மைப்பேனா வரவே கூடாது, பென்சில்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதையும் இருக்கும், இரண்டு படி தள்ளி நில் என்பதும் இருக்கும்.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். இதைப் புத்தகத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார். பூஞ்சணம் பிடித்த வெல்வெட் ஒரு வாசம். வால்வுக்குள் காய்ந்த எண்ணெய் ஒரு வாசம். பிறகு குழாயைத் தொடக்கத்திலிருந்து விரலால் தொடர்ந்து போவார். ட்ரம்பெட்டின் குழாய் வெகுதூரம் ஒரே பருமனாகப் போய், கடைசியில்தான் வாய் விரியும். கோர்னெட் ஊதுகிற முனையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டு வரும், ஆளும் குட்டை. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் மவுத்பீஸைச் செருகிப் பார்க்க வேண்டும். ட்ரம்பெட்டின் மவுத்பீஸ் கோர்னெட்டுக்குள் போகாது. பிறகு நடு வால்வின் உறையில் வெட்டிய இலக்கம். வால்வுகள் மூன்றையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் உள்ள எண் உறையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. வாயின் மேல் பொறித்த கொம்பனி விலாசம். அந்தக் கொம்பனிகள் அடிக்கடி கடை மாறியவை. விலாசத்தை வைத்தே காலத்தைப் பிடித்துவிடலாம்.

கடைசியாகத் தேய்மானம். இடதுகை பிடிக்கிற இடத்தில் வியர்வை வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். வருஷக்கணக்கில் ஊதப்பட்ட கருவியா, அலுமாரியில் அழகுக்கு வைத்த கருவியா என்பதை அது சொல்லிவிடும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு அட்டை. அட்டையில் இரண்டு நிரல். "இடப்பக்கம் சாமானில இருக்கிறது. வலப்பக்கம் ஆக்கள் சொல்லுறது. ரெண்டையும் கலக்கக்கூடாது, விளங்குதே?" என்றார் முதல் நாளே. அந்தக் கோட்டை எவ்வளவு கறாராகக் காத்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

பழைய தெல்தெனிய நகரம் நீர்த்தேக்கத்துக்குள் போகப்போகிறது என்றிருந்த நேரம். சனங்கள் வீட்டுக் கதவைக்கூடக் கழற்றிக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஒரு தரகர் ஒரு ட்ரம்பெட்டைக் கொண்டுவந்தார். பிரித்தானியப் படையில் ஊதப்பட்டது என்றார். லொக்கு மாத்தயாவுக்குத் தலைகால் புரியவில்லை. வரவேற்பறையில் கண்ணாடிக்குள் வைத்து, பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுக் காட்டியும் விட்டார். துரைசிங்கம் ஐயா அதைக் கீழே எடுத்துவந்து வால்வுகளைக் கழற்றினார். எண்கள் ஒத்துப்போகவில்லை. விரிந்த வாய் ஒரு கருவியுடையது, வால்வுகள் வேறு ஒன்றினுடையவை. யாரோ இரண்டையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். இடது நிரலில் 'கலப்பு' என்று எழுதினார். லொக்கு மாத்தயா படியிறங்கி வந்து, அந்தச் சொல்லை அழிக்கச் சொன்னார்.

"அழிக்கலாம், சேர். அப்படியெண்டால் என்ர கையெழுத்தையும் சேர்த்து அழியுங்கோ. நான் வாறன்" என்று குடையை எடுத்தார் ஐயா.

சொல் அழியவில்லை. ட்ரம்பெட்தான் வரவேற்பறையிலிருந்து கீழே வந்தது. அன்று அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. பின்னால் நடந்ததை நினைத்தால் என் ரத்தம் கொதிப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம். அவருக்கு முதுகெலும்பு இல்லாமல் இல்லை. இருந்தது. எங்கே நிமிர்த்துவது என்பதை அவர்தான் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த வருஷம் தமிழர்களுக்கு எதிரான கலவரம். ஐயா குடியிருந்த வாடகை வீட்டை எரித்தார்கள். அவரையும் அவர் மனைவியையும் லொக்கு மாத்தயா தன் வீட்டுக் கீழ்த்தளத்தில், வாத்தியப் பெட்டிகளுக்கு நடுவில் பத்து நாள் மறைத்து வைத்தார். கேட்டுக்கு வந்தவர்களைத் தானே முன்னால் நின்று திருப்பி அனுப்பினார். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்யனாகிவிடுவேன். எங்கள் குடும்பம் அந்தப் பத்து நாளும் நகரசபைக் குடியிருப்பின் பின்னால் காட்டுக்குள் கிடந்தது. எங்களை யாரும் மறைத்து வைக்கவில்லை.

கலவரம் அடங்கிச் சில மாதத்தில் லொக்கு மாத்தயாவின் அப்பா, அந்தப் பழைய துரை, செத்துப்போனார். அவருடைய பெட்டிகளைத் திறந்தபோது ஒன்றில் ஒரு கோர்னெட் இருந்தது. லொக்கு மாத்தயா அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கீழே வந்தார்.

"என் அப்பா வாசித்தது. கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பார். இதைத்தான் நடுவில் வைக்கப்போகிறேன்" என்றார்.

துடைக்கிற வேலை என்னுடையது. நல்ல லண்டன் வேலைப்பாடு. எண்கள் ஒத்துப்போயின. இடதுகை பிடிக்கிற இடத்தில் வெள்ளி சுத்தமாகப் போய், பித்தளையும் மழுங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசித்த ஆளுடைய கை இல்லை அது. விரிந்த வாயின் அடிப்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டுப் போட்டால் அடியில் வெடிப்போ ஓட்டையோ இருக்க வேண்டும். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். வழுவழுப்பாக இருந்தது. ஒரு நெளிவுகூட இல்லை.

ஐயாவிடம் காட்டினேன். அவரும் விரலை விட்டுப் பார்த்தார். "கழட்டும்" என்றார்.

ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, சூட்டைப் பக்கவாட்டில் காட்டினேன். ஈயம் இளகி மின்னியது. தகட்டை இடுக்கியால் மெல்ல எடுத்தேன். பஞ்சால் துடைத்தேன். அடியில் எழுத்து. ஆங்கிலத்தில், நல்ல கைவேலைப்பாட்டுப் பொறிப்பு. 'ராமையா, பன்வில' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'நன்றியுடன்'. அதற்குக் கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரரின் முதலெழுத்துகள்.

ஐயா நகைக்கடைக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். நான் அட்டையை எடுத்து, பென்சிலைக் கூர்மையாக்கி அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அவர் அட்டையைத் தொடவில்லை. "திருப்பி ஒட்டும்" என்றார்.

"ஐயா?"

"நீர் இதைக் காணேல்லை. நானும் காணேல்லை."

"சாமான்ல இருக்கிறது இடப்பக்கம்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

"ஓம். சொன்னனான். இது சாமான் இல்லைப் பழனிவேல், குடும்பம்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "ஒரு தோட்டத்துக் கூலியின்ர பேருக்காக நாங்கள் ரெண்டு பேரும் தெருவில நிக்கேலாது."

கூலி என்றார். என் அப்பாவின் அப்பா இந்தியாவிலிருந்து வந்து கொழுந்துக் கூடை சுமந்தவர் என்பது அவருக்குத் தெரியும்.

நான் ஒட்டினேன். இதைத்தான் எனக்கு நானே மன்னிக்க முடியவில்லை. அந்தத் தகட்டை அதே இடத்தில் வைத்து, புது ஈயம் ஓட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, பழையதைவிட நேர்த்தியாக ஒட்டினேன். நல்ல வேலைக்காரன் நான். அட்டையில் 'துரை அவர்களின் சொந்தக் கருவி' என்று இடது நிரலில் ஐயா எழுதினார். இடது நிரலில்!

அந்த ஞாயிறு பன்வில பஸ்ஸில் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. கடையில் 'கோர்னெட் வாசிக்கிற ராமையா' என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "கோர்னெட்டுக் கள்ளனைக் கேக்குறீங்களா?" என்று பக்கத்துத் தோட்டத்துக்கு வழி காட்டினார்.

கடைசி லயம், அந்த வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா. வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ராமையாவின் மகள் பேச்சியம்மா. "கண்டியிலேருந்து வாரேன், ஒரு கோர்னெட் விஷயமா" என்றதும் கத்தியைக் கீழே போடாமலே எழுந்து நின்றாள்.

"இன்னும் என்னா வேணும் ஒங்களுக்கு?"

உள்ளேயிருந்து, "யாரும்மா, உள்ள வரச்சொல்லு" என்று குரல் வந்தது. ராமையா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்பல் ஒன்றும் இல்லை. நெஞ்சில் இரைப்பு. நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் அசையவில்லை.

"பேர அழிக்கலையா?"

"அழிக்கலைங்க. மேல தகடு வச்சு ஒட்டியிருக்காங்க."

"இத்தன வருசமும் எம்பேரு அதுலதான் இருந்துச்சா?" என்று மகளைப் பார்த்தார். "பாத்தியா புள்ள. சொன்னேன்ல."

பிறகு நடந்ததைச் சொன்னார். வெள்ளைக்காரத் துரைக்கு பேண்ட் என்றால் உயிர். தோட்டத்தில் ஆறு பேரைப் பிடித்துப் பழக்கினார். நாட்டைவிட்டுப் போகும்போது ராமையாவுக்குத் தன் கோர்னெட்டைப் பெயர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு கல்யாணம், திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் ராமையாவின் கோர்னெட்தான். புதுத் துரை, லொக்கு மாத்தயாவின் அப்பா, வந்து சில வருஷம் கழித்து, பங்களாவில் ஒரு விருந்து. விருந்தாளிகளுக்கு ராமையா வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. அன்றைக்கென்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பொம்பிளை வழுக்கி விழுந்து செத்துப்போனாள்.

"பங்களா ஆளு மூணு தடவ வந்தாரு. பொணத்த எடுத்துட்டு வாரேன்னு சொன்னேன். வரமாட்டேன்னு சொல்லல தம்பி. எடுத்துட்டு வாரேன்னுதான் சொன்னேன்."

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நின்ற இடத்தில், துரை சொன்னார்: கிளப்பு கோர்னெட் களவு போயிருக்கிறது. லயத்துக்குள் ஆள் விட்டு எடுத்தார்கள். ராமையா பெயரைக் காட்டினார். துரை பார்த்தார், பார்த்துவிட்டுப் பொலிசைக் கூப்பிட்டார். இரண்டு நாள் அடி. வழக்கு ஒன்றும் போடவில்லை. போட்டால் கோர்னெட்டைக் கோர்ட்டில் காட்ட வேண்டுமே. வேலையை நிறுத்தி லயத்திலிருந்து குடும்பத்தோடு வெளியே போட்டார்கள்.

"எனக்கு ரெண்டு மாப்பிள வந்துச்சு. கள்ளன் மகள்னு ரெண்டும் போயிருச்சு" என்றாள் பேச்சியம்மா. அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பதுபோலச் சொன்னாள்.

"கோர்னெட்டு எனக்கு வேணாம் தம்பி. பல்லு இல்லாம ஊத முடியுமா? நான் எடுக்கலன்னு ஒரு கடுதாசி. அந்த வீட்டு முத்திரையோட. இந்தப் புள்ள கையில இருந்தாப் போதும்" என்றார் ராமையா.

இரண்டு வாரத்தில் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொலிசில் அடித்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வரி போதும் ஐயா. பேர் பொறிச்சிருக்கு, பார்த்தோம்னு. அவ்வளவுதான்."

"அந்த மனுசன் என்ர மனுசியை உயிரோட வைச்சிருந்தவர். அவற்ற தகப்பனைக் கள்ளன் எண்டு நான் எழுதமாட்டன். நான் இருக்கிற வரைக்கும் இல்லை."

"அப்ப ராமையா கள்ளனா இருக்கட்டுமா?"

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பெட்டியைத் திறந்தார், மோந்து பார்த்தார். ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வெல்வெட்டில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்த்தார்! அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். நானே அந்தக் கடிதத்தை எழுதி, மேசை லாச்சியில் இருந்த முத்திரையைக் குத்தியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. பன்விலவுக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் மேல்மாடியில் அலுமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே கேட்டில் காவல்காரன் யாரையோ விரட்டுகிற சத்தம். பேச்சியம்மா. வெள்ளைச் சேலை. கையில் மரண அறிவித்தல் தாள். ராமையா போய்விட்டார். "பழனிவேல்ங்கிறவர்கிட்ட இதக் குடுக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஜன்னலருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கிப் போகவில்லை. அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.

சில வருஷம் கழித்து துரைசிங்கம் ஐயா மகனோடு இருக்கக் கனடா போனார். சாவிக்கொத்தை என் கையில் தரும்போது, "அந்த ஒட்டு... அது இனி உம்மட விருப்பம்" என்றார். தன்னால் முடியாததை என் தலையில் போட்டுவிட்டு விமானம் ஏறினார். அவர் இடத்தில் நான் வாத்தியப் பதிவாளர் ஆனேன். விருப்பம் என்னுடையதுதான். அப்படியும் லொக்கு மாத்தயா சாகும்வரை காத்திருந்தேன். பயம் என்பது ஒரு நல்ல சம்பளம்போல. மாதாமாதம் வந்துகொண்டிருந்தால் பழகிப்போகும்.

அவருக்குப் பிறகு அவர் மகன் வந்தார். சின்னவர். வெளிநாட்டில் படித்தவர், சிரித்த முகம், வேலைக்காரர்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பவர். வீட்டைக் காட்சிச்சாலையாகத் திறக்கப்போவதாகச் சொன்னார். அப்போது கோர்னெட்டை அவர் மேசையில் வைத்து, அவர் கண் முன்னால் தகட்டைக் கழற்றினேன். ராமையா சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னேன். விருந்து, சாவு, பெரட்டு, பொலிஸ், எல்லாம். அவர் கண் கலங்கியது. சத்தியமாகக் கலங்கியது.

"பழனி, இது சனங்களுக்குத் தெரியவேண்டும். இதைத்தான் நடுவில் வைக்கிறோம். அந்த மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிய மாதிரி இருந்தது. முட்டாள் நான்.

பன்விலவுக்குப் போனேன். பேச்சியம்மாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது: "அன்னைக்கு மேல ஜன்னல்ல நின்னது நீங்கதானே?"

"ஆமா."

"பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

"ஆமாம்மா."

"திருடலன்னு எழுதப்போறாங்களா?" என்றாள்.

"எழுதப்போறாங்க."

"அப்ப வாரேன். ஒங்களுக்காக இல்ல."

திறப்பு விழா அன்று காலை அவளை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவந்தேன். நீலச் சேலை கட்டியிருந்தாள். வாசலில் விளக்கு, பூ, புகைப்படக்காரர்கள். நடுக்கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கோர்னெட். பெயர் தெரியும்படி வாயைத் திருப்பி வைத்திருந்தார்கள். பேழையின் கீழே மூன்று பாஷையிலும் ஒரு அட்டை. அதை அச்சடிக்கக் கொடுக்குமுன் எனக்குக் காட்டவில்லை. நான் எழுதிக் கொடுத்திருந்த வாசகம் வேறு.

பேச்சியம்மா ஐந்தாம் வகுப்பு படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். "எமது... பாட்டனார்... தமது தோட்டத்தில் பணியாற்றிய... ராமையாவுக்கு வழங்கிய... அன்பழிப்பு."

அன்பளிப்பு என்ற சொல்லைக்கூடச் சரியாக எழுதத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் தோன்றவில்லை. தமிழில் யார் வாசிக்கப்போகிறார்கள்?

"பாட்டனார்னா யாரு?" என்று கேட்டாள்.

"அந்தப் பழைய துரை."

"அவரு குடுத்தாருன்னா போட்டிருக்கு?"

சின்னவரைத் தேடிப் போய்ப் பிடித்தேன். விருந்தாளிகளுக்கு நடுவில் நின்றார். தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். "பழனி, செத்துப்போனவர்களோடு சண்டை போட்டு என்ன பயன்? பெயர் தெரிகிறது இல்லையா? அதுதானே முக்கியம். வருகிறவர்கள் மனது நிறைந்து போகட்டுமே" என்றார். அந்தச் சிரித்த முகம் மாறவே இல்லை. அவருடைய பாட்டன் ஒரு பெயரைத் தகட்டால் மூடினார். இவர் தகட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தப் பெயரையே திருடினார்! பாட்டனாவது வெட்கப்பட்டு ஒளித்திருந்தார்.

திரும்பி வந்தபோது பேச்சியம்மாவைச் சுற்றிப் புகைப்படக்காரர்கள். ஒரு பெண் அவளுக்கு மாலை போட வந்தாள். சின்னவரும் ஓடிவந்து பேழைக்குப் பக்கத்தில் நின்று, அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"கைய விடுங்க தொரை" என்றாள். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. "ஒங்க தாத்தா இதக் குடுக்கல. புடுங்கினாரு. எங்கப்பாவக் கள்ளன்னு சொல்லி பொலிசுல குடுத்தாரு. குடுத்தது வெள்ளைக்காரத் தொரை."

பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சின்னவர், "பாவம், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். யாரோ கைதட்டினார்கள். கேளுங்கள், கைதட்டினார்கள்! ஏதோ நன்றி சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

வாசலில் வருகையாளர் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பேச்சியம்மா அதன் முன்னால் நின்றாள். "இதுல என்னா எழுதுவாங்க?"

"பார்த்ததப் பத்தி எழுதுவாங்க."

பேனாவை எடுத்தாள். பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். 'எங்கப்பா ராமையா திருடல. இந்த வீட்டுத் தொரை பறிச்சாரு. இப்படிக்கு மகள் பேச்சியம்மா.' பின்னால் விருந்தாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. முடித்ததும் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

நான் கீழே எழுதினேன்: 'கருவியைப் பரிசோதித்தேன். இது உண்மை.' பெயர், பதவி, கையெழுத்து. அந்த வீட்டில் நான் எழுதிய எல்லாவற்றிலும் மைப்பேனாவில் எழுதியது அது ஒன்றுதான்.

அவளை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போனபோது வாசலில் புதுப் புத்தகம் இருந்தது. முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. பழையது எங்கே என்று காவல்காரனைக் கேட்டேன். தெரியாது என்றான். சாவிக்கொத்தைச் சின்னவரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. உடல்நலக் காரணம் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அந்த அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். என்னைத் தேடி வந்த பெண் சொன்னாள். எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டார்களாம். ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். கண்டிக்குப் போனால் அந்த வீட்டுக்குள் போங்கள். நடுக்கூடத்தில் நின்று அந்த அட்டையை வாசியுங்கள். பன்வில ராமையா திருடவில்லை என்று பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். வெளியே போகச் சொன்னால், இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போங்கள்.